வாங்க முதல் கொண்டுவாங்க: பழைய போன் பார்த்து எடுக்கிற முறை

"வாங்க முதல் கொண்டுவாங்க. வாங்கின பிறகு கொண்டுவந்தா பார்க்கிற கூலி இரண்டு மடங்கு." மட்டக்களப்பு ஆரையம்பதியில என்ட போன் திருத்துற கடைக் கண்ணாடியில இப்படி எழுதி ஒட்டி ஆறு வருசமாகுது. இதுவரைக்கும் ஒருத்தரிட்டயும் இரண்டு மடங்கு வாங்கினதில்ல. வாங்கின பிறகு வாறவங்கட முகத்தைப் பார்த்தா ஒற்றைக் கூலி கேட்கவே வாய் வராது.

மாசிக் கடைசியில, வெள்ளாமை வெட்டி முடிஞ்ச கையோட, கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஒரு அண்ணன் மண்முனைப் பாலத்தால வந்தார். கூட மகள். சட்டைப் பைக்குள்ள இருந்து லேஞ்சியில சுத்தின ஐபோன் ஒண்டை எடுத்து மேசையில வைச்சார். 58,000 ரூபா குடுத்து முதல் நாள் பின்னேரம் வாங்கினது. கீறல் ஒண்டும் இல்ல, பெட்டியும் இருக்கு. திறந்தா "ஹலோ" எண்டு வரவேற்குது. டேட்டா குடுத்து ரெண்டு படி தாண்டினா யாரோ ஒருத்தர்ட ஈமெயில், நடுவில எல்லாம் புள்ளி புள்ளியா, அதுக்குக் கீழ பாஸ்வேர்ட் கேட்குது. வித்தவர்ட நம்பர் அண்டைக்குக் காலையில இருந்து எடுக்குதில்ல.

"தம்பி, ஏதும் செய்ய ஏலாதா?" எண்டார். ஏலாது. அந்த மகள் ஒரு சொல்லும் கதைக்கல்ல. என்ட மேசையில கிடந்த டெம்பர் கிளாஸ் துண்டை விரலால தள்ளித் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுபோய் நிப்பாட்டினா, அவ்வளவுதான்.

இதை எழுதிறது அவருக்கு இல்ல, அவருக்குப் பிந்திப் போச்சு. அடுத்த போகம் வெட்டினதும் வாங்கப் போற ஆக்களுக்கு.

முதல் வேலை போனைத் தொடுறது இல்ல, கணக்குப் பார்க்கிறது. கடைக்கு வாறவங்க ஒரு செட்டைக் காட்டி "இது எவ்வளவு போகும்?" எண்டு கேட்பாங்க. நான் திருப்பிக் கேட்கிறது: "இது எத்தனை மாசம் போகும்?"

விளங்கப்படுத்துறன். போன் செய்யிற கொம்பனி ஒவ்வொண்டும் ஒரு மொடலை வெளியில விட்ட நாளில இருந்து இத்தனை வருசத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் தருவம் எண்டு சொல்லும். சம்சுங் 2024 தை மாசம் விட்ட எஸ்24க்கு ஏழு வருசம் எண்டு சொன்னது. அதே கொம்பனிட விலை குறைஞ்ச ஏ16க்கு ஆறு வருசம். கூகுள் பிக்சல் 8க்கும் ஏழு. அதுக்கு முந்தின மலிவு செட்டுகளுக்கு நாலு, சிலதுக்கு மூண்டும் இல்ல. இதில ஆக்கள் பிழைவிடுற இடம் எது எண்டா, அந்த வருசக் கணக்கு நீங்க வாங்கிற நாளில இருந்து ஓடுறதில்ல. அந்த மொடல் உலகத்தில முதல் முதல் கடைக்கு வந்த நாளில இருந்து ஓடுது. கடைக்காரன்ட அலுமாரியில ரெண்டு வருசம் பிளாஸ்டிக் கழட்டாமல் கிடந்த செட்டுக்கும் அந்த ரெண்டு வருசம் போனது போனதுதான்.

இப்ப கணக்கு. 48,000 ரூபாய்க்கு ஒரு செட், பேர் பெரிய பேர், ஆனா அப்டேட் இன்னும் 12 மாசம்தான். மாசத்துக்கு 4,000 ரூபா விழுது. பக்கத்தில 66,000 ரூபாய்க்கு இன்னொண்டு, 44 மாசம் மிச்சம். மாசத்துக்கு 1,500. எது மலிவு? கையில 48,000தான் இருக்கு எண்டா பேரை விட்டுப்போட்டு, 30 மாசம் மிச்சமுள்ள சின்னப் பேர் செட் ஒண்டைத் தேடுங்க. இந்த மாசக் கணக்கை நான் எந்தப் பேப்பரிலயும் படிக்கல்ல. காத்தான்குடியில எனக்குத் தொழில் பழக்கின காக்கா பழைய மோட்டார் சைக்கிள் வாங்கேக்க இப்படித்தான் பார்ப்பார். டயர், செயின், பெட்டரி இன்னும் எத்தனை மாசம் எண்டு பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் விலைக்கே வாய் திறப்பார்.

அப்டேட் முடிஞ்ச அண்டைக்கு போன் செத்துப்போகாது. கோல் வரும், பாட்டுக் கேட்கும். ஆனா வங்கி அப், வட்ஸ்அப் எல்லாம் ஒண்டொண்டாக் கையை விடும். 2025 மே 5ஆம் தேதியில இருந்து, ஐபோனை ஓட்டுற மென்பொருள் ஐஓஎஸ் 15.1க்குக் கீழ உள்ள ஐபோன்கள்ல வட்ஸ்அப் வேலை செய்யாமல் போச்சு. 5எஸ், 6, 6 பிளஸ் மூண்டும் அதோட சரி. அந்தக் கிழமை புதுக்குடியிருப்பில இருந்து ஒரு மாமி வந்தா. "மகன் டுபாயில மனெ, வட்ஸ்அப்தான் எனக்குப் போனே" எண்டா. செட்டில கீறல்கூட இல்ல, அவ்வளவு வடிவா வைச்சிருந்தா. அதே மாதிரி 2025 செப்டெம்பரில ஐஓஎஸ் 26 வந்தபோது எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் ரெண்டும் பட்டியல்ல இருந்து விழுந்துட்டு. அந்த அப்டேட்டுக்கு ஐபோன் 11, இல்லாட்டி அதுக்குப் பிறகு வந்தது வேணும். எங்கட பக்கம் இப்பவும் எக்ஸ்ஆர் கேட்டு வாறவங்க நிறைய. நான் வேணாம் எண்டுதான் சொல்லுவன். கோபப்படுறவங்களும் இருக்காங்க.

அண்ட்ராய்ட்ல பார்க்கிறது லேசு. செட்டிங்ஸ்ல "அபவுட் போன்" பகுதிக்குப் போய் பாதுகாப்பு அப்டேட் எந்த மாசத்தது எண்டு பாருங்க. அந்தத் தேதி ஒரு வருசத்துக்கு மேல பழசா இருந்து, அப்டேட் தேடச் சொன்னா "எல்லாம் சரியா இருக்கு" எண்டு சொல்லுதா? அந்தச் செட்டின்ட கணக்கு முடிஞ்சுட்டு.

கணக்குச் சரி எண்டா போனைப் பார்க்கப் போங்க. போகேக்க வெறுங்கையோட போகாதீங்க. உங்கட சிம், வேலை செய்யுது எண்டு தெரிஞ்ச ஒரு சார்ஜர் வயரும் பவர் பேங்கும், சிம் குத்துற ஊசி, ஹெட்செட். உங்கட போன்ல டேட்டா போட்டு ஹொட்ஸ்பொட் குடுக்க ஏலும் நிலைமையில வைச்சுக்கொள்ளுங்க. வித்திறவரிட்ட "சார்ஜ் ஏத்தாமல், நிப்பாட்டி வைச்சுக் கொண்டுவாங்க" எண்டு முதலே சொல்லுங்க. ஏற்கெனவே சூடா, 100 வீதத்தில, திறந்து கையில தாற போன் எதையும் காட்டாது. ஆறின போன் திறக்கேக்க எவ்வளவு நேரம் எடுக்குது, 40 வீதத்தில இருந்து கால் மணித்தியாலத்தில எவ்வளவு இறங்குது, அதுதான் கதை சொல்லும்.

இரவில கல்லடிக் கடற்கரையில வைச்சு வாங்கிறது, பாலத்துக்குப் பக்கத்தில மோட்டார் சைக்கிளை நிப்பாட்டாமலே கை மாத்திறது எல்லாம் வேணாம். பகல்ல, நிழல்ல, இருந்து பார்க்க ஏலுமான இடம். இருபது நிமிசம் வேணும். "கொழும்பு பஸ் வெளிக்கிடப் போகுது, கெதியாப் பாருங்க" எண்டு சொல்லுறவரை பஸ்ஸில ஏத்தி விட்டுட்டு வாங்க.

கையில எடுத்ததும் முதல்ல பார்க்கிறது பூட்டு, பழைய ஆள்ட கணக்கு இன்னும் உள்ளுக்குக் கிடக்கா எண்டு. டிஸ்ப்ளே, கெமரா எல்லாம் பிறகு. டிஸ்ப்ளே உடைஞ்சா மாத்தலாம், பூட்டுத் திறக்க ஒண்ணா.

ஐபோன் எண்டா செட்டிங்ஸ்ல மேல வித்திறவர்ட பேர் கிடக்கும். அவர் உங்கட கண்ணுக்கு முன்னால அந்தக் கணக்கில இருந்து வெளியேற வேணும், "ஃபைண்ட் மை" நிப்பாட்ட வேணும். அதுக்கு அவர்ட பாஸ்வேர்ட் கேட்கும். கேட்கேக்க அவர் அடிச்சாரா, இல்லாட்டி "வீட்ட போய்ப் பார்த்துச் சொல்லுறன்" எண்டாரா? அங்கேயே விளங்கும். அதுக்குப் பிறகு முழுசா அழிச்சு, ஹலோவில இருந்து உங்கட ஹொட்ஸ்பொட்டைக் குடுத்து, பேர் இல்லாத வெறும் முன்பக்கம் வாறவரைக்கும் கொண்டுபோங்க. ஹலோவைப் பார்த்ததும் நிப்பாட்டாதீங்க. பூட்டு ஹலோவில தெரியாது. இண்டர்நெட்டில தொட்ட பிறகுதான் தெரியும். கொக்கட்டிச்சோலை அண்ணன் பிடிபட்டது அந்த ரெண்டு படியிலதான். வித்தவர் ஹலோவைக் காட்டி, "பாருங்க, புதுசு மாதிரி" எண்டிருக்கார்.

அண்ட்ராய்ட்லயும் 2015 அளவில இருந்து இதே மாதிரி ஒரு பூட்டு இருக்கு. கூகுள் கணக்கை எடுக்காமல், பட்டனை அழுத்திப் பிடிச்சு ரீசெட் அடிச்சா, திரும்பத் திறக்கேக்க பழைய கணக்கைக் கேட்கும். ஆனபடியா முதல்ல கணக்கை எடுக்கச் சொல்லுங்க, பிறகு செட்டிங்ஸுக்குள்ளால ரீசெட். "பைபாஸ் செய்து தாறன்" எண்டு சொல்லுற கடைகள் இருக்கு. நான் செய்யிறதில்ல. செய்தாலும் அடுத்த அப்டேட்டில திரும்பப் பூட்டுப் படலாம். மற்றது, அந்தச் செட் யார்ட எண்டு எனக்கும் தெரியாதே.

தவணைக்கு எடுத்த செட்டுகள் இன்னொரு தலையிடி. காசு கட்டாட்டி கொம்பனி இருந்த இடத்தில இருந்தே பூட்டுற மாதிரி மென்பொருள் போட்டு விக்கிற செட்டுகள் உண்டு. ரீசெட் அடிச்சாலும் அது போகாது. தவணை முடிஞ்ச கடதாசியைக் கேளுங்க.

அடுத்தது ஐஎம்இஐ, ஒவ்வொரு செட்டுக்கும் தனித்தனியா உள்ள அடையாள இலக்கம். *#06# அடிச்சா 15 இலக்கம் வரும், ரெண்டு சிம் செட் எண்டா ரெண்டு வரிசை. பெட்டியில உள்ளதோட கடைசி நாலு இலக்கத்தை மட்டும் ஒப்பிடாதீங்க, முழுசா வாசிங்க. ஒருக்கா ஒரு பெட்டியும் போனும் நடுவில ரெண்டு இலக்கத்தில மட்டும்தான் வித்தியாசம், ஒரே கடையில ஒரே நாள் வந்த ரெண்டு செட்டில பெட்டி மாறிப்போச்சு. அது அப்பாவிப் பிழை. எல்லாம் அப்படி இல்ல. பிறகு குறுஞ்செய்தியில ஆங்கிலத்தில ஐஎம்இஐ எண்டு அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தையும் அடிச்சு 1909க்கு அனுப்புங்க. தொலைத்தொடர்பு ஆணைக்குழுட பதிவில இருக்கா எண்டு பதில் வரும். இல்ல எண்டு வந்தா உடனே களவுப் போன் எண்டு அர்த்தம் இல்ல, கட்டாரில இருந்து ஒருத்தர் கையில கொண்டுவந்ததாகவும் இருக்கலாம். ஆனா அப்ப கொண்டுவந்தவர் யார், அவரோட ஒருக்காக் கதைக்க ஏலுமா எண்டு கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கு.

வெளிநாட்டுச் செட் எண்டதும் இன்னும் ரெண்டு விசயம் சொல்லிப்போட்டுப் போறன். அமெரிக்காவில வித்த ஐபோன் 14இல இருந்து சிம் போடுற தட்டே இல்ல, போனுக்குள்ளேயே இருக்கிற இ-சிம் மட்டும்தான். வாங்கிப்போட்டு ஓட்டையைத் தேடாதீங்க. ஜப்பான், கொரியாவில வித்த கனக்கச் செட்டுகள்ல போட்டோ எடுக்கிற சத்தத்தை லேசில நிப்பாட்ட ஏலாது. கொரியாவில இருந்து வந்த ஒரு செட்டை வாங்கின ஆசிரியர் ஒருத்தர், கோயில்ல படம் எடுக்கப் போய் எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க எண்டு சொன்னார். அவருக்கு அது பழகிட்டாம்.

இனி டிஸ்ப்ளே. இதில நான் கொஞ்சம் கூட நேரம் எடுப்பன், ஏனெண்டா ஏமாத்து இங்கதான் வடிவா நடக்கும்.

வெளிச்சத்தை முழுசா ஏத்தி, முழு வெள்ளைப் படம் ஒண்டைத் திறங்க. ஒரு இடத்தில மஞ்சள் பாஞ்ச மாதிரி, இல்லாட்டி கீழ பட்டன் இருந்த இடத்தில நிழல் மாதிரித் தெரிஞ்சா அது எரிஞ்ச டிஸ்ப்ளே. நாள் முழுக்க வரைபடம் திறந்து வைச்சு ஓடின ஓட்டோக்காரங்கட செட்டுகள்ல இது அப்படியே கிடக்கும். ஒருக்கா ஒரு செட்டில வரைபடத்தின்ட தேடுற பெட்டி பேய் மாதிரி எல்லாப் படத்துக்கு மேலயும் நிண்டது. பிறகு ஒரு அப்பின்ட படத்தை அழுத்திப் பிடிச்சு, விரலை எடுக்காமல் திரை முழுக்க, மூலை மூலையா இழுத்துக்கொண்டு போங்க. எங்கயாவது கைநழுவி விழுந்தா அந்த இடத்தில தொடுகை செத்துட்டு. சம்சுங்ல *#0*# அடிச்சா நிறம், தொடுகை, ஸ்பீக்கர் எல்லாம் தனித்தனியாப் பார்க்கிற பக்கம் ஒண்டு வரும், கனக்க மொடல்கள்ல அது வேலை செய்யும்.

டிஸ்ப்ளே மாத்தினதா எண்டு கண்டுபிடிக்க நான் செய்யிறது இது. ஓலெட் டிஸ்ப்ளேயில கறுப்பு எண்டா அந்தப் புள்ளி எரியவே எரியாது, முழு இருட்டு. மலிவா மாத்தின எல்சிடியில பின்னால ஒரு விளக்கு எப்பவும் எரியும், கறுப்பும் சாம்பலாத் தெரியும். ஆனா பகல்ல ரெண்டும் ஒண்டுதான். இருட்டு வேணும். நான் கடையில வைச்சிருக்கிற பழைய சாரத்தைத் தலையோட போர்த்திக்கொண்டு, முழுக் கறுப்புப் படத்தைத் திறந்து வெளிச்சத்தை ஏத்திப் பார்ப்பன். முதல் முதல் பார்க்கிறவங்க ஆவி பிடிக்கிறன் எண்டு நினைப்பாங்க. சாரத்துக்குள்ள ஓரங்கள்ல மெல்லிசா நீல வெளிச்சம் கசிஞ்சா, அந்த மொடல் கம்பனியால ஓலெட்டோட வந்தது எண்டு தெரிஞ்சா, 10,000க்குக் குறையாமல் விலை இறக்கச் சொல்லுங்க. மாத்தினதில பிழை இல்ல. மாத்தினதைச் சொல்லாமல் முழு விலை கேட்கிறதுதான் பிழை. புதிய ஐபோன்கள்ல இந்தச் சிரமமும் வேணாம், செட்டிங்ஸில அபவுட் பகுதியில எந்தப் பாகம் மாத்தினது எண்டு அதுவே எழுதிக் காட்டும்.

பெட்டரிக்கு வருவம். ஐபோன்ல பெட்டரி ஆரோக்கியம் எண்டு ஒரு வீதம் காட்டும். ஐபோன் 14 வரைக்கும் உள்ள பெட்டரிகள் முழுசா 500 தரம் ஏத்தி இறக்கினா 80 வீதம் தாங்கும், 15இல இருந்து 1,000 தரம் எண்டு அப்பிள் சொல்லுது. 15இலயும் அதுக்குப் பிறகும் எத்தனை தரம் ஏறினது எண்டே காட்டும், அதைப் பாருங்க. 82, 84 வீதம் எண்டு இருக்கிற நாலு வருசச் செட்டைக் கண்டு பயப்படாதீங்க. நாலு வருசச் செட்டில 100 வீதம் எண்டு இருந்தாத்தான் நான் பயப்படுவன். யாரோ பெட்டரி மாத்தியிருக்காங்க, என்ன பெட்டரி எண்டு கேட்க வேணும்.

வீதத்தை விடச் சுலபமான சோதனை மேசை. போனை முகம் மேல பார்க்க மட்டமான மேசையில வைச்சு ஒரு மூலையை விரலால சுண்டுங்க. பம்பரம் மாதிரிச் சுத்தினா முதுகு வீங்கியிருக்கு, உள்ளுக்குப் பெட்டரி ஊதியிருக்கு. அதை ஒரு விலைக்கும் வாங்காதீங்க, பொக்கட்டில போட்டுக்கொண்டு திரியவும் வேணாம். எங்கட ஊர் வெயில்ல பெட்டரிக்கு ஆயுள் குறைவு எண்டது நான் மேசையில கண்ட கதை. அப்பிளே 35 பாகைக்கு உள்ள பாவிக்கச் சொல்லுது. கச்சான் காத்து அடிக்கிற நாள்ல வயல் வரம்பில, மோட்டார் சைக்கிள் ஹாண்டில்ல போனைக் குத்தி வைச்சுக்கொண்டு ஓடினா அது எங்க கேட்கப்போகுது.

சார்ஜ் குத்துற ஓட்டையைத் தயவுசெய்து வடிவாப் பாருங்க. உங்கட போன்ட டோர்ச்சை அடிச்சு உள்ளுக்குப் பாருங்க. படுவான்கரை, வாவிக்கு மேற்கால வயல் பக்கத்துச் செட் எண்டா அடியில களிமண் தூள் காய்ஞ்சு கிடக்கும். கடற்கரை ஆக்கள்ட செட் எண்டா கதை வேற. ஒருக்கா பூநொச்சிமுனைப் பக்கத்து மீனவர் ஒருத்தர்ட செட்டைக் கழட்டி மைக்ரஸ்கோப்புக்குக் கீழ வைச்சன். பித்தளைக் குடத்தில களிம்பு பிடிச்ச மாதிரி, அந்தச் சின்னப் பல்லுகள் ஒவ்வொண்டின்ட அடியிலயும் பச்சை. நடுவில நாலாவது பல்லு அரைவாசி தின்னப்பட்டுப் போயிருக்கு. அதுக்குப் பக்கத்தில ஒரு உப்புக் கட்டி, சீனி மாதிரி சதுரம், வெளிச்சத்தில மினுங்குது. அந்தச் செட் அண்டைக்கு நல்லா ஏறினது. மூண்டாம் நாள் ஏறல்ல. பச்சை கண்டா வாங்காதீங்க. மண் எண்டா பரவாயில்ல, காய்ஞ்ச ஈர்க்குத் துண்டால, போனை நிப்பாட்டிப்போட்டு, மெதுவாக் கிண்டி எடுக்கலாம். ஊசியால கிண்டாதீங்க. ஊசியால கிண்டினதைச் சரிசெய்துதான் நான் போன வருசம் கடைக்கு மின்விசிறி வாங்கினன்.

வயரைக் குத்திப்போட்டு மெல்ல ஆட்டிப் பாருங்க. ஏறுது, நிக்குது, ஏறுது எண்டு வந்தா ஓட்டை லூஸ்.

தண்ணி பட்டதா? சிம் தட்டை ஊசியால எடுத்து ஓட்டைக்குள்ள டோர்ச் அடிங்க. கனக்கச் செட்டில அங்க ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும், தண்ணி பட்டிருந்தா சிவந்து போயிருக்கும். கெமராக் கண்ணாடிக்குள்ள ஆவி பிடிச்ச மாதிரி இருந்தாலும் அதேதான். "இது வோட்டர் ப்ரூவ்" எண்டு சொல்லுவாங்க. தண்ணி தாங்கிற அளவு ஐபி67 எண்டு போட்டிருந்தா ஒரு மீற்றர் நல்ல தண்ணியில 30 நிமிசம், அதுவும் புதுசா இருக்கேக்க. வாவித் தண்ணிக்கும் கடல் தண்ணிக்கும் அது பேசல்ல. ஒருக்காத் திறந்து ஒட்டின செட்டுக்கு அதையும் நம்ப ஒண்ணா. மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு, தை மாசத்தில விலை சரியா இறங்கி வாற செட்டுகளில எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம். அரிசிக்குள்ள போட்டு வைச்சனான் எண்டு சொன்னா இன்னும் சந்தேகம். அரிசிக்குள்ள போடவேணாம், தூள் உள்ளுக்குப் போகும் எண்டு அப்பிளே எழுதியிருக்கு. ஆனா எங்கட ஆக்களிட்ட இதைச் சொல்லி வெல்ல ஏலாது. வெள்ளாமை செய்யிற ஊரில அரிசி எல்லாத்துக்கும் மருந்து.

இப்ப உங்கட சிம்மைப் போடுங்க. ரெண்டு ஓட்டையிலயும் மாத்தி மாத்திப் போடுங்க. ஒரு கோல் எடுங்க, வீட்டுக்காரிக்கோ மச்சானுக்கோ, ரெண்டு நிமிசம் கதையுங்க. காதில வைக்கேக்க திரை அணைய வேணும், எடுக்கேக்க எரிய வேணும். குரலைப் பதிஞ்சு திருப்பிக் கேளுங்க. ஸ்பீக்கரைப் போட்டு ஒரு பாட்டு, முழுச் சத்தத்தில, கரகரக்குதா எண்டு. ஹெட்செட், வைஃபை, புளூடூத்.

விரல் அடையாளத்தை உங்கட விரலால பதிஞ்சு பாருங்க. வித்திறவர் தன்ட விரலால காட்டுறது போதாது. வெள்ளாமை வெட்டி, வரம்பு கட்டி, வலை இழுத்த விரல்ல ரேகை தேய்ஞ்சிருக்கும், சில செட்டுகள் எடுக்கவே எடுக்காது. எனக்கே வலதுகைப் பெருவிரல் எடுக்காது, ஈயம் பத்தவைச்சுச் சுட்ட விரல். அது செட்டின்ட பிழை இல்லத்தான், ஆனா உங்களுக்குத் திறக்காட்டி உங்களுக்கு அது என்னத்துக்கு.

கெமரா பற்றி ஒண்டுதான். பின்னால, முன்னால ரெண்டையும் திறந்து, கிட்ட ஒண்டு, தூர ஒண்டு எடுத்துப் பெருப்பிச்சுப் பாருங்க. போதும். எத்தனை மெகாபிக்சல் எண்டது விளம்பரக்காரங்கட கவலை.

விலைக்கு வருவம். புதுச் செட்டுச் செய்தி வாற நாள்களைக் கவனிச்சு வைச்சா லாபம் உண்டு. செப்டெம்பரில புது ஐபோன் செய்தி வந்த ரெண்டு மூண்டு கிழமையில பொடியன்மார் பழசை விக்க என்ட கடைக்கு வரிசையா வருவாங்க. சம்சுங்ட பெரிய செட் வருசத் தொடக்கத்தில வரும், அப்பவும் அப்படித்தான். செய்தியைப் பார்த்து வாங்க ஓடாதீங்க, செய்தியைப் பார்த்து விக்க வாறவங்களுக்காகக் காத்திருங்க. ஆனா மாசி, பங்குனி வந்தா எங்கட பக்கம் எல்லார் கையிலயும் வெள்ளாமைக் காசு, வித்திறவங்களும் அது தெரிஞ்சுதான் விலை சொல்லுவாங்க. காசு கையில சூடா இருக்கேக்க வாங்கினா 5,000 கூடத்தான் போகும். ஐப்பசியில வாங்கினா நல்லம், ஐப்பசியில யாரிட்டக் காசு இருக்கு எண்டு கேட்டா என்னட்டப் பதில் இல்ல.

எல்லாம் பார்த்துச் சரி எண்டாலும் காசைக் குடுக்க முதல் ஒரு கடதாசி எழுதுங்க. கொப்பி ஒற்றை போதும். தேதி, மொடல், ரெண்டு ஐஎம்இஐ, விலை, வித்தவர்ட பேர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். அடையாள அட்டையைப் படம் எடுக்க விடாதவரிட்ட வாங்காதீங்க. தெரிஞ்ச ஆள், சொந்தக்காரன், இதெல்லாம் கேட்டா மனசு நோகும் எண்டு நினைப்பீங்க. என்ட பெரியம்மாட மகனிட்ட நான் வாங்கினதுக்கும் கடதாசி எழுதித்தான் வாங்கினன். அவன் சிரிச்சுக்கொண்டுதான் வைச்சான் கையொப்பம். பிறகு பொலிஸ் விசாரணை எண்டு ஒண்டு வந்தா, அந்த ஒற்றைதான் உங்களுக்காகக் கதைக்கும்.

வீட்ட கொண்டுபோனதும் இன்னொருக்கா நீங்களே ரீசெட் அடிங்க. வித்தவர் "எல்லா அப்பும் போட்டுத் தந்திருக்கன்" எண்டு சொன்னாலும் அடிங்க. அவர் போட்டது என்ன எண்டு உங்களுக்குத் தெரியாது. பிறகு உங்கட கணக்கைப் போட்டு, அந்தக் கணக்கின்ட பாஸ்வேர்டைப் பிள்ளைகளிட்ட மட்டும் விட்டுவைக்காமல் நீங்களும் ஒரு இடத்தில எழுதி வைங்க. "மகள்தான் போட்டுத் தந்தது, அவ இப்ப கொழும்பில கம்பஸ்ல" எண்டு சொல்லிக்கொண்டு பூட்டுப்பட்ட செட்டோட வாற அம்மாக்கள் மாசத்துக்கு ரெண்டு பேராவது.

முதல் இரவு முழுசா ஏத்தி, கழட்டி, பாவிக்காமல் விடியும்வரை வைச்சுப் பாருங்க. காலையில அஞ்சு, ஆறு வீதம் இறங்கியிருந்தா சரி. இருவது, இருவத்தஞ்சு எண்டா அந்த ஒற்றையை எடுத்துக்கொண்டு அண்டைக்கே வித்தவரைத் தேடிப் போங்க, நம்பர் எடுக்கிற நேரத்திலேயே.

கொக்கட்டிச்சோலை அண்ணன் சித்திரையில திரும்ப வந்தார். இந்தமுறை மகள் முன்னால, அவர் பின்னால. அவட கையில ஒரு ஏ16, கூட வித்திறவரும் வந்திருக்கார், என்ன செய்யப் போறாங்களோ எண்ட முகத்தோட. "இன்னும் வாங்கல்ல அங்கிள்" எண்டா. நான் சாரத்தை எடுக்கக் கையை நீட்டினன். அவ அதை எனக்கு முதல் எடுத்துத் தலையில போட்டுக்கொண்டு, "நான் பார்க்கிறன்" எண்டா.